சம்பளம் வராத வெள்ளிக்கிழமைகள்: ஒரு கிரெடிட் யூனியன் கடன் மேசையில் கற்றவை

2019 ஜனவரி 11, வெள்ளிக்கிழமை. சம்பள வெள்ளி என்றால் எங்கள் கிளையில் கதவு திறக்கும் முன்பே நாலைந்து பேர் வந்து நிற்பார்கள். வாடகைக்குக் காசோலை எடுக்க, ஊருக்குப் பணம் அனுப்ப, சிலர் சும்மா கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டுவிட்டுப் போக. அன்றைக்கு யாரும் இல்லை. முந்தின இரவு வந்து சேர்ந்திருக்க வேண்டிய சம்பளக் கோப்பைத் திறந்தேன். வழக்கமாகப் பக்கம் பக்கமாக ஓடும் பட்டியல் அன்று சில வரிகளில் முடிந்துவிட்டது. அதில் இல்லாத பெயர்களில் பாதிக்கு மேல் எனக்கு முகம் தெரிந்தவர்கள்.

நான் வடக்கு வர்ஜீனியாவில் ஒரு சின்ன கிரெடிட் யூனியனில் கடன் பிரிவில் வேலை பார்க்கிறேன். எங்கள் உறுப்பினர்களில் பெரும்பாலானோர் மத்திய அரசு ஊழியர்கள், அவர்களுடைய குடும்பத்தார், அரசு அலுவலகங்களில் ஒப்பந்த அடிப்படையில் வேலை செய்பவர்கள். 2018 டிசம்பர் 22 முதல் 2019 ஜனவரி 25 வரை நடந்த 35 நாள் அமெரிக்க அரசு முடக்கத்தையும், 2025 அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை நடந்த 43 நாள் முடக்கத்தையும் இதே மேசையில் உட்கார்ந்துதான் பார்த்தேன். முதல் தடவை நிறையத் தப்பு செய்தோம். இரண்டாவது தடவை ஓரளவு தேறினோம். நடுவில் கற்றுக்கொண்டதை எழுதி வைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். இதுமாதிரி நிறுவனத்தில் வேலை செய்கிறவர்களுக்கும், நிர்வாகக் குழுவில் இருப்பவர்களுக்கும், இங்கே அரசு வேலையில் இருக்கும் நம்மவர்களுக்கும் உதவும்.

ஊரில் இருந்து படிப்பவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். கிரெடிட் யூனியன் பார்ப்பதற்கு வங்கி மாதிரியே இருக்கும், ஆனால் கணக்கு வைத்திருப்பவர்கள்தான் அதன் சொந்தக்காரர்கள். என் அப்பா கும்பகோணம் பக்கம் பள்ளி ஆசிரியர். அக்கா கல்யாணம், வீட்டுக்கு மாடி எடுத்தது, என் கல்லூரிக் கட்டணம், எல்லாமே எங்கள் வீட்டில் 'சொசைட்டி லோன்'தான். ஆசிரியர்கள் சேர்ந்து நடத்திய சிக்கன நாணயச் சங்கம், மாதாமாதம் சம்பளத்தில் பிடித்தம். கிட்டத்தட்ட அதே யோசனைதான் இங்கேயும். 1934இல் அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட சட்டத்தால் நாடு முழுவதும் பரவியது. ஒரே அலுவலகம், ஒரே தொழில், ஒரே ஊர் என்று உறுப்பினர்களுக்குள் ஏதாவது ஒரு பொதுப் பிணைப்பு இருக்கும். சாதாரண நாளில் அதுதான் எங்கள் பலம், யார் நாணயமானவர் என்று எங்களுக்குத் தெரியும். முடக்கம் வந்தால் அதுவே சிக்கல், ஏனென்றால் எல்லோருக்கும் ஒரே நாளில் சம்பளம் நின்றுபோகிறது.

முடக்கம் என்பது இதுதான்: செலவுக்கான மசோதாவை அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் உரிய தேதிக்குள் நிறைவேற்றாவிட்டால், அந்த நிதியை நம்பியிருக்கும் அலுவலகங்கள் பணம் செலவழிக்கச் சட்டம் அனுமதிக்காது. ஒரு பகுதி ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், அதற்கு ஃபர்லோ என்று பெயர். இன்னொரு பகுதி, அதாவது விமான நிலையச் சோதனை, வான்வழிக் கட்டுப்பாடு, சிறைக் காவல், எல்லைக் காவல் போன்றவர்கள், சம்பளம் இல்லாமலே வேலைக்கு வர வேண்டும். 2018-19இல் இப்படிச் சுமார் 8 லட்சம் பேர் மாட்டினார்கள். ஜனவரி 11, ஜனவரி 25 என்று இரண்டு சம்பளம் அவர்களுக்கு வரவில்லை. கடலோரக் காவல் படையினருக்கும் ஜனவரி 15 சம்பளம் போடவில்லை.

சரி, எங்கள் முதல் தப்புக்கு வருகிறேன். கிளை வாசலில் ஒரு அறிவிப்பு ஒட்டினோம், இணையதளத்தில் ஒரு வரி போட்டோம்: 'முடக்கத்தால் பாதிக்கப்பட்ட உறுப்பினர்கள் எங்களை அணுகவும்.' போட்டுவிட்டுக் காத்திருந்தோம். முதல் இரண்டு வாரத்தில் வந்தவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். 'பரவாயில்லை, நம் ஆட்கள் சமாளிக்கிறார்கள்' என்று எங்கள் வாராந்திரக் கூட்டத்தில் பேசிக்கொண்டோம். நானும் அப்படித்தான் நம்பினேன்.

அவர்கள் சமாளித்துக்கொண்டிருக்கவில்லை என்பது நாலாவது வாரம்தான் தெரிந்தது. விமான நிலையச் சோதனைப் பிரிவில் வேலை செய்யும் ஒரு பெண்மணி வந்தார், ஒன்பது வருட உறுப்பினர், ஒரு தவணைகூட அவர் தாமதித்ததில்லை. காரின் உரிமைப் பத்திரத்தை அடகு வைத்து வெளியே ஒரு கடையில் கடன் வாங்கியிருந்தார். அந்த நாளில் வர்ஜீனியாவில் அந்த வகைக் கடனுக்கு வட்டி ஆண்டுக் கணக்கில் 200 சதவீதத்தைத் தாண்டும் (2021 தொடக்கத்தில்தான் மாநிலச் சட்டம் அதை 36 சதவீதத்துக்குள் கொண்டுவந்தது). எங்களைப் போன்ற மத்தியச் சட்டத்தின் கீழ் இயங்கும் கிரெடிட் யூனியன்களுக்குப் பொதுவான உச்சவரம்பே 18 சதவீதம். 'எங்களிடம் ஏன் முதலில் வரவில்லை' என்று கேட்டேன். அவர் சொன்னதை இன்றுவரை மறக்க முடியவில்லை. இத்தனை வருடம் இங்கே நல்ல பேர் எடுத்து வைத்திருக்கிறேன், கையேந்தி அதைக் கெடுத்துக்கொள்ள மனம் வரவில்லை என்றார்.

அதுதான் நான் கற்ற முதல் பாடம், மற்ற எல்லாமே அதிலிருந்து கிளைவிட்டவை. அடிக்கடி கடன் கேட்டுப் பழகியவர்கள் எப்படியும் கேட்டுவிடுவார்கள். ஒழுங்காகக் கட்டிவந்தவர்கள், நிலையான வேலையில் இருக்கிறோம் என்று பெருமையோடு இருந்தவர்கள், அவர்கள்தான் வாசல்வரை வந்துவிட்டுத் திரும்பிப் போகிறார்கள். 'வந்து கேளுங்கள்' என்று எழுதி ஒட்டினால் யாருக்கு உதவி மிகவும் தேவையோ அவர்களையே வடிகட்டி வெளியே நிறுத்திவிடுகிறோம்.

நம் ஆட்களும் இதில் விதிவிலக்கில்லை, ஒருவேளை கொஞ்சம் கூடுதலாகவே கூச்சப்படுகிறார்கள். அதே ஜனவரியில் ஒரு தமிழ்க்காரர் வந்தார், அரசு ஆய்வு நிறுவனம் ஒன்றில் நல்ல பதவி, ஐம்பது வயதுக்கு மேல். கூடத்தில் எல்லோர் எதிரிலும் ஆங்கிலத்தில் வேறு ஏதோ படிவம் கேட்டவர், என் அறைக்குள் வந்து கதவைச் சாத்தியதும் குரலைத் தாழ்த்தி, "ஏம்மா, நம்ம ஆளுங்க யாருக்கும் இது தெரியவராதே?" என்றார். "சார், இந்த அறையை விட்டு எதுவும் வெளியே போகாது, நீங்க நிம்மதியா உக்காருங்க" என்றேன். பையனின் கல்லூரிக் கட்டணம், வீட்டுக் கடன், ஊரில் அம்மாவுக்கு ஆஸ்பத்திரிச் செலவு, மூன்றும் ஒரே வாரத்தில். அவர் வீட்டில் மனைவிக்கே சம்பளம் வராதது சரியாகத் தெரியாது. பொங்கல் விழாவுக்கு வழக்கம்போல் நன்கொடை கொடுத்துவிட்டு வந்திருந்தார், கொடுக்காவிட்டால் ஆள் கேட்பார்களே என்று.

யாருக்குச் சம்பளம் வரவில்லை என்பதை அவர்கள் சொல்லித்தான் நாங்கள் தெரிந்துகொள்ள வேண்டுமா? வேண்டியதில்லையே. சம்பளம் எங்கிருந்து வருகிறது, எந்தத் தேதியில், எவ்வளவு, எல்லாம் எங்கள் கணினியில் இருக்கிறது. 2025 செப்டம்பர் கடைசி வாரத்தில், முடக்கம் வரும்போல் இருக்கிறது என்று தெரிந்ததுமே அந்தப் பட்டியலை எடுத்துவிட்டோம். அக்டோபர் தொடக்கத்திலேயே ஒவ்வொருவருக்கும் செய்தி போனது. அதில் 'அணுகவும்' என்ற சொல்லே இல்லை. உங்கள் சம்பளம் இந்தத் தேதியில் வராமல் போகலாம், வராவிட்டால் இவ்வளவு தொகை உங்களுக்குத் தயாராக இருக்கிறது, வேண்டும் என்றால் இதை அழுத்துங்கள், வேண்டாம் என்றால் ஒன்றும் செய்ய வேண்டாம், அவ்வளவுதான். அக்டோபர் முதல் பாதியில் பலருக்குச் செப்டம்பர் கடைசிவரைக்குமான அரைகுறைச் சம்பளம் வந்தது. அதனால் பலர் இன்னும் ஒன்றும் ஆகவில்லை என்று இருந்தார்கள். முழுச் சம்பளமும் வராமல் போனது அக்டோபர் 24 வாக்கில்தான். அந்த நாளுக்குள் பட்டியலில் பாதிப் பேருக்கு மேல் பதில் போட்டிருந்தார்கள். போடாதவர்களை நாங்களே போனில் கூப்பிட்டோம், மூத்த உறுப்பினர்களை முதலில். போன் பேச அமர்த்தியவர்கள் வசூல் பிரிவு ஆட்கள் இல்லை, இது முக்கியம். வசூல் பிரிவின் எண்ணைப் பார்த்தால் எடுக்கவே மாட்டார்கள்.

அடுத்தது காகிதம். 2019இல் நாங்கள் என்னவெல்லாம் கேட்டோம் என்று நினைத்தால் இப்போதும் மனது உறுத்துகிறது: ஃபர்லோ கடிதம், கடைசி இரண்டு சம்பளச் சீட்டு, நாலு பக்கப் படிவம், அதன்மேல் கிரெடிட் ஸ்கோர் விசாரணை வேறு. வீட்டுக்கு அனுப்பப்பட்டவரிடம் கடிதம் இருக்கும். சம்பளமில்லாமல் வேலைக்கு வரச் சொல்லப்பட்டவரிடம் ஃபர்லோ கடிதம் எப்படி இருக்கும்? பகல் முழுக்க வேலை செய்துவிட்டு மாலையில் ஓடிவந்து, கடிதம் இல்லை என்று திரும்பிப் போனவர்கள் இருக்கிறார்கள். விசாரணை போட்டால் ஸ்கோர் கொஞ்சம் இறங்கும், அதுவும் அவர்கள் தலையில்தான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவருக்கு 1,000 டாலரை 45 நாளைக்கு வட்டியே இல்லாமல் கொடுக்கிறோம் என்று வையுங்கள். அந்தப் பணம் எங்களுக்கு ஆண்டுக்கு 5 சதவீதத்தில் கிடைத்தது என்றாலும் செலவு 6 டாலர் சொச்சம்தான் ஆகிறது. நாலு பக்கப் படிவத்தைச் சரிபார்க்க ஒரு ஊழியர் செலவழிக்கும் ஒரு மணி நேரத்துக்கு அதைவிடப் பல மடங்கு ஆகும். வட்டியைத் தள்ளுபடி செய்வதுதான் பெரிய தியாகம் என்று நிர்வாகக் குழுவில் பேசிக்கொண்டிருந்தோம், ஆனால் உண்மையான செலவு நம் சந்தேகத்தில்தான் இருந்தது. 2025இல் சான்று எதுவும் கேட்கவில்லை. அரசுக் கருவூலத்திலிருந்து தொடர்ந்து வந்த டெபாசிட் நின்றிருக்கிறது, அதுவே சான்று. தொகை என்ன? கடைசியாகக் கைக்கு வந்த சம்பளம் எவ்வளவோ அதன் பெரும்பகுதி. ஒவ்வொரு சம்பள நாளிலும் அதே நேரத்தில் கணக்கில் ஏறும். நேவி ஃபெடரல் போன்ற மிகப் பெரிய கிரெடிட் யூனியன் சம்பளம் அங்கே ஏறுகிறவர்களுக்கு 6,000 டாலர் வரை வட்டி, கட்டணம் எதுவும் இல்லாமல் கொடுத்தது. எங்களைப் போன்ற சின்ன இடத்தால் அவ்வளவு முடியாது. ஆனால் குறைவாக இருந்தாலும் சரியான நாளில் வந்தால் ஒரு வாடகை தப்பிக்கிறது.

இங்கே எங்கள் இரண்டாவது பெரிய தப்பைச் சொல்லியாக வேண்டும், இது கடன் திரும்ப வாங்கியதில் நடந்தது. 2019 ஜனவரி கடைசியில் நிலுவைச் சம்பளம் வந்ததே, வந்த அன்றே எங்கள் கணினி முழுக் கடனையும் ஒரே பிடியாகப் பிடித்துக்கொண்டது. ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருந்தது. ஆனால் நிலுவைச் சம்பளம் எல்லோரும் எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை, ஏனென்றால் சம்பளம் இல்லாத நாட்களிலும் மருத்துவக் காப்பீடு தொடர்ந்திருக்கிறது, அந்தப் பாக்கிப் பிரீமியம் எல்லாம் சேர்த்துப் பிடித்துவிட்டார்கள். பிப்ரவரி 1 வாடகை நாள். சம்பளம் வந்துவிட்டது என்று நம்பி வாடகைக் காசோலை கொடுத்திருந்தவர்களுக்குக் கணக்கில் ஒன்றும் மிச்சமில்லை. ஒரு மாதம் தாங்கிப் பிடித்துவிட்டு, கரையேறும் படியில் நாங்களே தள்ளிவிட்டோம். அன்று போனில் அழுத ஒரு சிறைக் காவலரிடம் மன்னிப்புக் கேட்டேன், காசோலை திரும்பியதற்கு எடுத்த கட்டணங்களைத் திருப்பிப் போட்டோம், ஆனால் அவர் வீட்டு உரிமையாளரிடம் பட்ட அவமானத்தை எதைப் போட்டுத் திருப்ப முடியும்?

2025இல் நாலு சம்பளமாகப் பிரித்து வாங்கினோம். முதல் சம்பளம் முழுக்க அவர்களுக்கே, பிடித்தம் அடுத்ததிலிருந்துதான். குழுவில் சிலர் பயந்தார்கள், கையில் பணம் வந்ததும் கட்டாமல் போய்விடுவார்களே என்று. ஒருசிலரைத் தவிர எல்லோரும் கட்டிவிட்டார்கள். பாதிப் பேர் முன்கூட்டியே கட்டிமுடித்தார்கள்.

தவணை தள்ளிவைப்பு பற்றியும் கொஞ்சம். இங்கே 'ஸ்கிப் எ பே' என்பார்கள், கார்க் கடனில் ஒரு மாதத் தவணையைத் தள்ளிவைத்துக் கடைசியில் சேர்ப்பது. உதவிதான், ஆனால் அந்த மாதத்துக்கும் வட்டி ஏறிக்கொண்டுதான் இருக்கும் என்பதை உறுப்பினரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இன்னொன்றை நாங்களே தாமதமாகத்தான் கவனித்தோம். கார் விபத்தில் முழுதாகப் போனால் கடன் பாக்கிக்கும் காரின் மதிப்புக்கும் உள்ள வித்தியாசத்தைத் தரும் காப்பீடு ஒன்று உண்டு, 'கேப்' என்பார்கள், அதில் பல ஒப்பந்தங்கள் தள்ளிவைத்த தவணைகளை ஈடு செய்வதில்லை. எனவே கேப் எடுத்தவரிடம் தள்ளிவைப்பதற்கு முன் இதைச் சொல்லுங்கள். வீட்டுக் கடன் விஷயம் வேறு. பல வீட்டுக் கடன்களை ஃபேனி மே, ஃப்ரெடி மேக் போன்ற நிறுவனங்களுக்கு விற்றுவிட்டு நாங்கள் வசூல் மட்டும் பார்க்கிறோம், அதில் எங்கள் இஷ்டத்துக்குச் சலுகை தர முடியாது, அவர்கள் விதிப்படிதான். உறுப்பினருக்கு இது தெரியாது, எங்களிடம் வாங்கியது என்றுதான் நினைப்பார். அதனால் அவர் கேட்பதற்கு முன்பே நாங்களே அந்தச் சலுகைக்கான விண்ணப்பத்தை நிரப்பி அனுப்ப உட்கார்ந்தோம்.

சத்தமில்லாமல் உறிஞ்சுவது தானியங்கிப் பிடித்தங்கள்தான். ஜிம், தொலைபேசி, கார்க் காப்பீடு, வேறு வங்கியின் கிரெடிட் கார்டு, எல்லாம் மாதம் பிறந்தால் தானாக வந்து இழுக்கும். கணக்கில் பணம் இல்லாவிட்டால் ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டணம். 2019இல், கேட்டவர்களுக்கு அந்தக் கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். கேட்காதவர்களுக்குக் கொடுக்கவில்லை. மறுபடி அதே கதை, கூச்சப்பட்டவர்கள் நஷ்டப்பட்டார்கள். இரண்டாவது தடவை பட்டியலில் இருந்த எல்லாக் கணக்குக்கும் முடக்கம் முடிந்து ஒரு மாதம் வரை ஓவர்டிராஃப்ட் கட்டணத்தையே நிறுத்தி வைத்தோம்.

இப்போது நான் அதிகம் வருத்தப்படும் பகுதிக்கு வருகிறேன், ஒப்பந்தத் தொழிலாளர்கள். 2019 ஜனவரி 16 அன்று கையெழுத்தான சட்டம் அரசு ஊழியர்களுக்கு முடக்க நாட்களின் சம்பளம் பின்னால் கட்டாயம் கிடைக்கும் என்று உறுதி செய்தது. ஆனால் அதே கட்டடத்தைக் கூட்டித் துடைப்பவருக்கு, உணவகத்தில் சமைப்பவருக்கு, வாசலில் நிற்கும் காவலருக்கு அந்தச் சட்டம் பொருந்தாது, அவர்கள் தனியார் நிறுவனத்தின் ஆட்கள். வேலையும் போகும், போன நாட்களின் கூலியும் வராது. 2019இல் எங்கள் குழு எடுத்த முடிவு: சிறப்புக் கடன் அரசு ஊழியர்களுக்கு மட்டும், ஏனென்றால் அவர்களுக்குத்தான் திரும்பக் கட்ட நிலுவைச் சம்பளம் வரும். கணக்குப்படி சரியான முடிவு. அந்த முடிவை ஒரு துப்புரவுத் தொழிலாளியிடம் சொல்ல வேண்டியிருந்தவள் நான். எல் சால்வடாரிலிருந்து வந்தவர், பதினோரு வருடமாகக் கணக்கு வைத்திருந்தார், மாதம் ஐம்பது டாலர் தவறாமல் சேமிப்பில் போடுவார். அவர் சண்டை போடவில்லை. 'சரி, புரிகிறது' என்று சொல்லிவிட்டு என் மேசையில் இருந்த பேனாவை எடுத்த இடத்தில் வைத்துவிட்டுப் போனார். அந்த வசந்த காலத்தில் கணக்கை மூடிவிட்டார்.

அவருக்கு வேண்டியிருந்தது அதே கடன் அல்ல. ஒரே மொத்தமாக நிலுவை வரப்போவதில்லை என்பதால் நாற்பத்தைந்து நாளில் திரும்பக் கட்டும் கடனைக் கொடுத்தால் அவரைக் குழியில்தான் தள்ளுவோம். நீண்ட தவணை வேண்டும், சின்னத் தொகை வேண்டும். அதற்கு வழியும் இருக்கிறது. வெளிக் கடைகளின் அதிக வட்டிச் சம்பள முன்பணக் கடனுக்கு மாற்றாக மத்தியக் கிரெடிட் யூனியன்களுக்கு அனுமதிக்கப்பட்ட ஒரு சிறுகடன் வகை உண்டு. 2019 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த அதன் இரண்டாவது வடிவத்தில் 2,000 டாலர் வரை, 12 மாதம் வரை கொடுக்கலாம், புதிய உறுப்பினருக்கும் அன்றே கொடுக்கலாம், விண்ணப்பக் கட்டணம் 20 டாலரைத் தாண்டக் கூடாது. வட்டி உச்சவரம்பு 28 சதவீதம்; அவ்வளவு வாங்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை, நாங்கள் அதில் பாதிக்கும் கீழே வைத்தோம், முதல் இரண்டு மாதத்துக்குத் தவணையே இல்லை. ஒப்பந்தத் தொழிலாளர்களை டெபாசிட் பட்டியலில் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம், நூறு விதமான நிறுவனப் பெயர்களில் சம்பளம் வரும். அதனால் இவர்களுக்கு மட்டும் நேரில் போனோம், கட்டடப் பராமரிப்பு மேற்பார்வையாளர்களிடம் சொல்லிவைத்தோம், ஸ்பானிய மொழியில் சீட்டு அடித்துக் கொடுத்தோம். போதுமான அளவு செய்தோம் என்று சொல்ல மாட்டேன். 2025 நவம்பரில் உணவு உதவித் திட்டமான ஸ்னாப் பணமும் தடைப்பட்டபோது இந்த வீடுகளில்தான் இரண்டு அடியும் ஒன்றாக விழுந்தது. அந்த வாரம் கிளையின் கூட்ட அறையில் அரிசி, பீன்ஸ், டயப்பர் என்று அடுக்கி வைத்தோம், யார் எடுத்தார்கள் என்று குறித்துவைக்கவில்லை.

நிர்வாகக் குழுவில் இருப்பவர்களுக்கு ஒரு விஷயம், இதை யாரும் கவர்ச்சியாகப் பேசமாட்டார்கள் ஆனால் இது இல்லாமல் மேலே சொன்ன எதுவும் நடக்காது. முடக்கத்தில் எங்களுக்கு இரண்டு பக்கமும் இடி. டெபாசிட் வருவது நிற்கும், சேமிப்பை எடுப்பார்கள், அதே நேரத்தில் கடன் கேட்பார்கள். கையிருப்பு மளமளவென்று இறங்கும். 2019இல் மூன்றாவது வாரத்தில் எங்கள் கணக்கு அதிகாரி தூங்கவில்லை. வெளியிலிருந்து அவசரமாகக் கடன் எடுக்கலாம் என்றால், ஃபெடரல் ஹோம் லோன் பேங்க், கார்ப்பரேட் கிரெடிட் யூனியன் என்று எங்கே போனாலும் பிணை காட்டி, ஒப்பந்தம் போட்டு, சோதனை செய்து முடிக்க வாரக் கணக்கில் ஆகும். அது அமைதியான காலத்தில், ஏப்ரலிலோ மேயிலோ செய்துவைக்க வேண்டிய வேலை.

2025இல் வேறொரு பயமும் சேர்ந்தது. நிலுவைச் சம்பளம் எல்லோருக்கும் தானாகக் கிடைத்துவிடாது, 2019 சட்டத்தை அப்படிப் படிக்க வேண்டியதில்லை என்று வெள்ளை மாளிகையின் பட்ஜெட் அலுவலகத்திலிருந்து ஒரு வரைவுக் குறிப்பு அக்டோபரில் செய்தியானது. எங்கள் குழு அவசரமாகக் கூடியது, திரும்ப வராது என்றால் எப்படிக் கொடுப்பது என்று இரண்டு மணி நேரம் வாதம். அப்போது எங்கள் தலைவர், ஓய்வுபெற்ற தபால் ஊழியர், ஒன்று கேட்டார்: 'நிலுவை வராவிட்டால் இவர்களுக்கு நம் உதவி கூடுதலாகத் தேவைப்படுமா, குறைவாகவா?' நிலுவை வராவிட்டால் கடனைப் பன்னிரண்டு மாதத் தவணையாக மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு வரியைச் சேர்த்துத் திட்டத்தைத் தொடர்ந்தோம். கடைசியில் நவம்பர் 12 அன்று கையெழுத்தான மசோதாவிலேயே நிலுவைச் சம்பளம் உறுதியாகிவிட்டது.

இனி அரசு வேலையில் இருக்கும் நம்மவர்களுக்கு, ஒரு கடன் மேசைக்காரியாக நேராகச் சொல்கிறேன். சம்பளம் நிற்கும் முன்பே கூப்பிடுங்கள். ஒரு தவணை தவறிய பிறகு எங்களால் செய்ய முடிவது பாதியாகக் குறைந்துவிடும். கடைசி இரண்டு சம்பளச் சீட்டையும் உங்கள் சொந்த மின்னஞ்சலில் அல்லது காகிதத்தில் வைத்துக்கொள்ளுங்கள், அலுவலகக் கணினிக்குள் நுழைய முடியாமல் போகலாம். தானியங்கிப் பிடித்தங்களை ஒரு தாளில் எழுதுங்கள், எழுதிப் பார்க்கும்போதுதான் எத்தனை என்று தெரியும். வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் வேலையின்மை உதவிக்கு விண்ணப்பிக்கலாம், குடியிருக்கும் மாநிலத்தில் இல்லை, பெரும்பாலும் பணியிடம் எங்கே இருக்கிறதோ அங்கே. ஆனால் நிலுவை வந்ததும் அதைத் திருப்பிக் கட்ட வேண்டும், அந்தப் பணத்தைத் தொடாமல் ஒதுக்கி வையுங்கள். சம்பளமில்லாமல் முழுநேரம் வேலை செய்கிறவர்களுக்குப் பொதுவாக அது கிடைக்காது. ஓய்வூதியச் சேமிப்பான டிஎஸ்பியில் கஷ்டகால எடுப்பு என்று கைவைத்தால் வரியும், வயது குறைவானால் பெரும்பாலும் 10 சதவீத அபராதமும் உண்டு. அது கடைசிப் படியாக இருக்கட்டும். அப்புறம், வீட்டில் சொல்லுங்கள். என் அறைக்கு வந்த அந்தத் தமிழ்க்காரர் இரண்டு நாள் கழித்து மனைவியோடு வந்தார். அந்த அம்மா அரை மணி நேரத்தில் மாதம் 600 டாலர் குறைக்க வழி சொன்னார், அவருக்குத் தெரிந்திருந்த செலவுகள் எங்கள் இருவருக்குமே தெரியாது.

தங்கள் பணம் பத்திரமாக இருக்கிறதா என்று இரண்டு முடக்கத்திலும் பலர் கேட்டார்கள், குறிப்பாக வயதானவர்கள். அரசு மூடியிருந்தாலும் ஒருவருக்கு 250,000 டாலர் வரைக்குமான காப்பீடு மூடாது. அதை நடத்தும் என்சியூஏ, அதாவது கிரெடிட் யூனியன்களைக் கண்காணிக்கும் மத்திய அமைப்பு, கிரெடிட் யூனியன்கள் கட்டும் தொகையில் இயங்குகிறது, காங்கிரஸ் ஒதுக்கும் பணத்தில் இல்லை.

எங்கள் அடுத்த பொதுக்குழுவுக்கு இரண்டு தீர்மானங்களை எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒன்று, முடக்கம் தொடங்கிய முதல் நாளிலேயே தனிக்கூட்டம் எதுவும் இல்லாமல் இந்தத் திட்டம் தானாக நடைமுறைக்கு வர நிலையான அனுமதி. அது நிறைவேறிவிடும் என்று நினைக்கிறேன். இன்னொன்று, வருட லாபத்தில் ஒரு சிறு பங்கை ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கான இழப்பு நிதியாக ஒதுக்குவது, அதாவது அவர்கள் கட்ட முடியாமல் போனாலும் யூனியன் தாங்கிக்கொள்ள ஒரு தொகை. அதற்கு எதிர்ப்பு இருக்கிறது. இப்போதைக்குக் கையெழுத்துச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன், முதல் பக்கம் நிறைந்துவிட்டது, அதில் மேலிருந்து மூன்றாவது கையெழுத்து காரை அடகு வைத்த அந்தப் பெண்மணியுடையது.